கமலவேணியின் இரண்டு ஏணைகள்

ஒதியம்பட்டில் எங்கள் வீட்டுக்கும் கமலவேணி வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். அதுவும் என் தோள் உயரம்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்ததைத்தான் சொல்லப்போகிறேன். பார்த்ததோடு நிற்காமல் இடையில் வாயையும் விட்டேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லிக் கேட்பதைவிட நானே சொல்வது மேல்.

எழுபத்து மூன்றாம் வருடம் தை மாதம் கமலவேணிக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. மூத்ததுக்கு அமுதம் என்று பெயர் வைத்தார்கள். அரை மணி நேரம் பிந்தி வந்தது நாகம்மாள். கமலவேணிக்கு அம்மா இல்லை. இவள் சிறுமியாக இருந்தபோதே அந்த அம்மா பாகூரில் காலராவில் போய்விட்டாள். மாமியாரும் இல்லை. புருஷன் ராசுவுக்குப் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் வேலை. ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மாலை ஷிப்டு, போக வர சைக்கிள். வீட்டில் ஒரு பசு, ஒரு கன்று. இவ்வளவுக்கும் அவள் ஒருத்திதான். எனக்கு நாலு பிள்ளைகள். ஆனால் கூடவே மாமியாரும் ஓரகத்தியும் இருந்தார்கள். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு நான் ஒரு நாளும் தனியாக உலை வைத்ததில்லை. அதனால் அடுத்தவளுக்கு யோசனை சொல்ல எனக்கு நேரம் நிறைய இருந்தது.

இருபதாம் நாள் இளையது பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. வில்லியனூர் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். அது போதாது, பிள்ளையை விற்றுவிட வேண்டும் என்றார் என் மாமியார். விற்பது என்றால் நிஜமாக விற்பதில்லை. தங்காது என்று பயப்படுகிற பிள்ளையை முறத்தில் போட்டு, வாசலுக்கு வெளியே நிற்கிறவளிடம் நீட்டுவார்கள். அவள் ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். இது இனி என் பிள்ளை, எனக்காக நீ வளர்த்து வை என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பாள். எமனை ஏமாற்றுகிற வேலை. தவிட்டுக்குப் போன பிள்ளையை அவனும் சீந்தமாட்டான் என்று ஒரு நம்பிக்கை.

வாங்குகிறவள் நாலு பெற்று நாலும் தங்கியவளாக இருக்க வேண்டும். அதாவது நான். ஆனால் அன்றைக்கு நான் வீட்டுக்குத் தூரம். அந்த மூன்று நாளும் அடுத்த வீட்டு வாசல் பக்கம் தலை காட்ட முடியாது. அவசரத்துக்கு அங்கே இருந்தவர் ராசுவின் அக்கா கோகிலாம்பாள். அவர் தவிட்டைக் கொடுத்தார், பிள்ளையை வாங்கினார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், திருப்பிக் கொடுத்தார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாக அவருக்குப் பிள்ளை இல்லை என்பது, முறத்தை உள்ளே எடுத்து வைத்த பிறகுதான் என் மாமியாருக்கு ஞாபகம் வந்தது. இருந்தாலும் பிள்ளை பிழைத்துக்கொண்டது. டாக்டரின் சொட்டு மருந்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் எல்லோரும் நாகம்மாளைத் தவுடு என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வாங்கிய தவிட்டை மாடு தின்றுவிட்டது.

கோகிலாம்பாள் கெட்டவர் இல்லை. தாய் போனபோது ராசுவுக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு போட்டு ஆளாக்கியவர் இந்த அக்காதான். திருக்கனூரில் மளிகைக்கடை வைத்திருந்த ஏகநாதனுக்கு வாக்கப்பட்டுப் போனார். வசதியான இடம். முன்பெல்லாம் நல்ல நாள் கெட்ட நாளுக்குத்தான் வருவார். பிள்ளையை வாங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு முறை பஸ் ஏறினார். வந்தால் நேராக இளையதிடம்தான் போவார். மூத்ததைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்.

சித்திரை மாதம் ஒரு நாள் தம்பியிடம் வாய்விட்டே கேட்டுவிட்டார். நான் வாங்கின பிள்ளை, பிழைத்ததும் என் கையால், எனக்கே கொடுத்துவிடு என்றார். ராசு தங்கமான மனுஷன்தான். ஆனால் அக்காவிடம் இல்லை என்று சொல்லவும் வராது, பெண்டாட்டி முகத்தைப் பார்த்து ஆமாம் என்று சொல்லவும் வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பேச்சைக் கண்டுபிடித்தார்.

"ஆவணி வரிக்கும் பாப்போம்க்கா. ரெண்டயும் வச்சிக்கினு இவளால முடியலன்னா, நீ தூக்கிக்கினு போ."

முற்றத்தில் நின்று சொன்னார். என் காதில் தெளிவாக விழுந்தது. கமலவேணி இடுப்புக்கு ஒன்றாக இரண்டையும் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தாள். தெருவில் நாங்கள் எல்லோரும் நல்ல முடிவு என்றோம். இரண்டும் பெண்ணாச்சே, ஒன்றாவது கடைக்காரர் வீட்டில் வயிறார வளரட்டும் என்று நானும் சொன்னேன். என் நாலில் ஒன்றை யாராவது கேட்டிருந்தால் விளக்குமாற்றைத் தூக்கியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்த வேலையும் வெறும் வேலையாக இருக்கவில்லை. சோறு அடிப்பிடித்தால் அது பிள்ளையைக் கொடுப்பதற்கு ஒரு காரணம். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நேரமானால் அதுவும் ஒரு காரணம். அவள் ஒரு காரணமும் கொடுக்கக்கூடாது என்று தீர்மானித்துவிட்டாள்.

முதலில் பிள்ளைகளைப் போடுகிற இரண்டு புடவை ஏணையையும் ஒரே விட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தாள். ஒன்று அழுதால் மற்றது எழுந்துகொண்டது. ஒன்றைக் கூடத்திலும் ஒன்றைத் தாழ்வாரத்திலும் மாற்றிக் கட்டினாள். இரண்டிலிருந்தும் கயிறு இழுத்து வந்து, வாசற்படிக்கு உள்ளே ஆட்டுக்கல்லைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, வலது கால் கட்டைவிரலில் ஒன்று இடது கால் கட்டைவிரலில் ஒன்று மாட்டிக்கொள்வாள். ஒரு கை குழவியைச் சுற்றும், ஒரு கை மாவைத் தள்ளும், இரண்டு காலும் இரண்டு பிள்ளையை ஆட்டும். வாய் மட்டும்தான் சும்மா இருந்தது. அதிலும் பாதி நேரம் முந்தானையைக் கடித்துக்கொண்டிருப்பாள்.

தண்ணீருக்குப் பொதுக்கிணறுதான். குடத்துக்கு இடுப்பு வேண்டும். இடுப்பில் பிள்ளை இருக்கும். பழைய புடவையைக் கிழித்து, ஒன்றை முதுகில் கட்டிக்கொண்டாள். ரோடு போட வருகிற பெண்கள்தான் அப்படிக் கட்டுவார்கள், குடித்தனப் பெண் கட்டுவாளா என்று கிணற்றடியில் சிரித்தார்கள். சிரித்ததில் நானும் உண்டு. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று, தலையில் குடம். இத்தனையோடு வந்து முழங்கையால் தட்டிக் கதவைத் திறப்பாள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதையே விட்டுவிட்டாள். ஒரு கயிற்றுக் கண்ணியை மாட்டிவைத்தாள். அதைப் பல்லால்கூட எடுக்கலாம்.

பிள்ளைகள் உட்கார ஆரம்பித்தபோது கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவை இறக்கினாள். உள்ளே பழந்துணியைப் பரப்பி இரண்டையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டுச் சமைப்பாள். சுவருக்கு மேலாகப் பார்த்தால் இரண்டு மொட்டைத் தலை மட்டும் தெரியும். பால் கறக்கும்போது அண்டாவை மாட்டுக்கொட்டகை வரைக்கும் தரதரவென்று இழுத்துக்கொண்டு போவாள். அந்தச் சத்தம் கேட்டால் மணி ஐந்தரை என்று எங்கள் வீட்டில் எழுந்துகொள்வோம்.

ஒரே ஒரு விஷயத்தில் எனக்கு அவள்மேல் கோபம் இருந்தது. ஒன்றை இங்கே கொடு, கொஞ்ச நேரம் வைத்திருக்கிறேன் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். வேண்டாம் அக்கா, ஆச்சு அக்கா என்பாள். காய்ச்சல் வந்த அன்றைக்கும் அப்படித்தான் சொன்னாள். என்ன ராங்கி இவளுக்கு என்று நினைத்தேன். ஒரு நாழிகை பிள்ளையை என்னிடம் விட்டாலும், பார், அவளால் முடியவில்லை, பக்கத்து வீட்டில் விடுகிறாள் என்று திருக்கனூருக்குச் செய்தி போகும் என்று அவள் பயந்திருக்கிறாள். அந்தப் பயம் நியாயமானது. செய்தி கொண்டுபோனவள் நான்தான்.

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கோகிலாம்பாள் போகும்போதும் வரும்போதும் என்னிடம் நின்று பேசுவார். நானும் பரிதாபப்பட்டுத்தான் சொல்வேன். பாவம், நேற்று பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. முந்தாநாள் ராசு பழைய சோறு எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போனார். கன்று அவிழ்த்துக்கொண்டு ஓடி ஒரு சொட்டுப் பால் மிச்சமில்லை. அடுத்த வாரம் அதையெல்லாம் அப்படியே தம்பியிடம் ஒப்பிப்பார் அவர். பரிதாபம் சொல்லுகிற வாய்க்கும் கோள் சொல்லுகிற வாய்க்கும் வித்தியாசம் தெரியாமல் நாலு மாதம் இருந்தேன்.

ஆடி முடிகிற நேரத்தில் கோகிலாம்பாள் ஒரு பையோடு வந்து இறங்கினார். ஆவணியில் நாள் பார்த்தாகிவிட்டது, அதுவரை இங்கேயே இருக்கப்போகிறேன் என்றார். பதினைந்து நாள் இருந்தது.

அந்த நாட்களைப் போல வேடிக்கையும் வேதனையும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. ஒருத்தி ஓடிக்கொண்டே இருக்கிறாள், ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். கோகிலாம்பாளும் முதல் நாள் விளக்குமாற்றை எடுத்தார். கமலவேணி வந்து வாங்கிக்கொண்டாள். இரண்டாம் நாள் அரிசி களையப் போனார், அதையும் வாங்கிக்கொண்டாள். பிள்ளையைத் தூக்க வந்தால், இப்போதுதான் கண்ணயர்ந்தது அண்ணி என்பாள். மரியாதைக்குக் குறைவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தாள், மூன்று வேளையும் சூடாகப் போட்டாள். நாத்தனாருக்கு ஒரு வேலையை மட்டும் விட்டுவைக்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டில் கூடுதலாக இரண்டு கை வந்தும் கமலவேணிக்கு வேலைதான் கூடியது.

எட்டாம் நாள் கஞ்சி வடிக்கும்போது முதுகில் கட்டியிருந்த அமுதம் திமிறியது. பானை சரிந்து கொதிக்கிற கஞ்சி வலது கையில் கொட்டிவிட்டது. விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை. அவள் கத்தவில்லை. பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு, கையைத் தண்ணீர்த் தொட்டியில் விட்டுக்கொண்டு நின்றாள். என்னடி சத்தம் என்று கோகிலாம்பாள் கேட்டதற்கு, மூடி விழுந்துவிட்டது என்றாள். நான் சுவருக்கு மேலாகப் பார்த்துவிட்டேன். ஒரு விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் கை முழுக்கக் கொப்புளம். மேலே ஒரு துணியைச் சுற்றி, வெட்டுக்காயம் என்று சொல்லி வைத்தாள். ஒற்றைக் கையால் பெருக்கினாள், ஒற்றைக் கையால் உலை வைத்தாள். பால் கறக்க முடியவில்லை. கன்றை அவிழ்த்து விட்டுவிட்டு, மாடு உதைக்கிறது என்றாள். அதுவரை எல்லாம் ஓடியது. மூன்று மணிக்கு மேல் கூடத்து ஏணையில் அமுதம் மூத்திரம் பெய்துவிட்டது. புடவையை அவிழ்த்து, வேறு புடவையை மாற்றிக் கட்ட வேண்டும்.

ஏணை முடிச்சு இரண்டு கை கேட்கும். ஒரு கை புடவையின் இரு தலைப்பையும் சேர்த்து இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கை கயிற்றைச் சுற்ற வேண்டும். திறந்திருந்த கதவு வழியே எனக்கு எல்லாம் தெரிந்தது. அவள் தலைப்பைப் பல்லால் கடித்துக்கொண்டு இடது கையால் சுற்றினாள். கட்டியும் விட்டாள். அமுதத்தை அதில் படுக்கவைத்தாள். கையை எடுத்தாள். நிமிர்ந்து முடிச்சைப் பார்த்தாள். உடனே பிள்ளையை வெளியே எடுத்துவிட்டாள். மறுபடியும் கட்டினாள். மறுபடியும் படுக்கவைத்து, மறுபடியும் எடுத்தாள். அண்டாவில் தவுடு வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. அதையும் எடுத்து, இரண்டையும் அந்த ஒரு கையில் அணைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். அப்போதுதான் ராசு காலை ஷிப்டு முடிந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார்.

"அண்ணி, என்னால முடியல" என்றாள்.

நாலு மாதமாக அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தோம். கோகிலாம்பாள் எழுந்து நின்றார். ராசு சைக்கிளிலிருந்து கையை எடுக்கவே இல்லை. முடிந்தது, தவுடு போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கமலவேணி குரலை உயர்த்தாமலே மேற்கொண்டு சொன்னாள். "முடியலன்னு தான் சொன்னேன். குடுக்கறேன்னு சொல்லல. எங்கிட்ட இப்ப ஒரு கை தான் இருக்குது. நீங்க வந்து இந்த ஏணைய கட்டுங்க அண்ணி."

"யாருக்குடி கட்டணும்? எம்புள்ளைக்கா, உம்புள்ளைக்கா?"

"ரெண்டுக்கும் தான். மொதல்ல இத கொஞ்சம் புடிங்க" என்று அமுதத்தை நீட்டினாள். ஏழு மாதத்தில் கோகிலாம்பாள் தொட்டே பார்க்காத பிள்ளை.

அவர் வாங்கிக்கொண்டார். ஒரு நிமிஷம் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பிறகு அதை அண்டாவில் உட்காரவைத்துவிட்டுப் புடவையைக் கையில் எடுத்தார். தலைப்பைச் சேர்த்தார், கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றினார், பிரித்தார். இன்னொரு விதமாகச் சுற்றினார், அதையும் பிரித்தார். புடவையைக் கையில் பிடித்தபடியே திரும்பினார்.

"இந்த முடிச்சு எனக்குத் தெரியாதுடி கமலா."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் ஊரில் பதினைந்து வயதுப் பெண்ணுக்கும் கைவரும் முடிச்சு அது. தம்பி பிள்ளை, தங்கை பிள்ளை என்று யாருக்காவது கட்டிக் கட்டித்தான் பழகுவோம். அவருக்கு முப்பத்தைந்து வயதாகிறது. யாரும் கட்டச் சொல்லவில்லை.

கமலவேணி கேலி செய்யவில்லை, பரிதாபமும் படவில்லை. மாவுக்குப் பக்குவம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். இரண்டு தலைப்பையும் சேருங்கள், முழ நீளம் மேலே விடுங்கள், மடித்துப் போடுங்கள், கயிற்றை இரண்டு சுற்று, இப்போது அந்த மடிப்புக்குள்ளே விட்டு இழுங்கள். மூன்றாம் முறை நின்றது. கோகிலாம்பாள் ஏணையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கனம் முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தார். பிறகுதான் பிள்ளையைக் கிடத்தினார். பிடித்துக்கொண்டே வெகுநேரம் நின்றார். கமலவேணி கையில் சுற்றிய துணியை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்ததும் தம்பியைத் திட்டினார் பாருங்கள், அதை எழுத முடியாது. பெண்டாட்டி கை வெந்து கிடப்பது தெரியாமல் இரண்டு வேளை தின்றிருக்கிறாயே என்பதுதான் அதன் சாரம். ராசு தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் எல்லாம் மாறிவிட்டதென்று சொல்லமாட்டேன். கமலவேணி முதல் இரண்டு நாள் பிள்ளையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பாள். மூன்றாம் நாள் மாட்டுக்குப் புல் அறுக்கப் போனாள், இரண்டையும் நாத்தனாரிடம் விட்டுவிட்டு. திரும்பி வரும்போது கோகிலாம்பாள் அவளைப் போலவே முந்தானையைக் கடித்துக்கொண்டு, முதுகில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக முற்றத்தில் நடந்துகொண்டிருந்தார். வியர்த்து ஊற்றியது. எப்படிடி சமாளிச்ச என்று கேட்டார். கமலவேணி முதல்முறையாகச் சிரித்தாள்.

நாள் பார்த்திருந்த ஆவணிக் காலையும் வந்தது. எதற்கு அந்த நாள் என்று யாரும் பேச்செடுக்கவில்லை. ராசுவும் வாயைத் திறக்கவில்லை. அது அவருக்கு நன்றாக வரும். கோகிலாம்பாள் குளித்து, சாப்பிட்டு, இரண்டு பிள்ளைக்கும் பொட்டு வைத்துவிட்டுத் தனியாகத்தான் கிளம்பினார். நாகம்மாள் இந்த ஊரிலேயே வளர்ந்தாள். பள்ளிக்கூட லீவு விட்டால் இரண்டு பேருமாகத் திருக்கனூருக்குப் போவார்கள்.

கோகிலாம்பாள் கிளம்பிய அன்றைக்கு எனக்கும் வில்லியனூரில் கடைக்குப் போகிற வேலை இருந்ததால் அவரோடு போனேன். அங்கே திருக்கனூர் பஸ் வர நேரமாகும்போல் இருந்தது. மரத்தடியில் நின்றோம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், வாங்கின பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறீர்களே அக்கா, அவள்தான் முடியலன்னு சொல்லிவிட்டாளே என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கல்யாண வூடு, காதுகுத்துன்னு எத்தினி போயிருப்பேன் மணியம்மா. கைப்புள்ளய வச்சிக்கினு சாப்புட முடியாம அவ அவ தவிப்பா. பக்கத்து எலயில நான் சும்மா தான் குந்தினு இருப்பேன். ஒருத்தியும் கொஞ்சம் புடின்னு எங்கிட்ட குடுத்ததில்ல. இவ குடுத்தா. குடுத்தவ கையிலருந்து இன்னான்னு புடுங்கிக்கினு வர்றது?"

எனக்கு ஒரு கையில் மண்ணெண்ணெய் டின், ஒரு கையில் பை, இடுப்பில் ஒன்றரை வயதுக் கடைசிப் பையன். அவன் நழுவி நழுவி இறங்க, வலது இடுப்புக்கும் இடது இடுப்புக்குமாக மாற்றிக்கொண்டிருந்தேன். பையைக் கீழே வைத்துவிட்டதால் அவர் இரண்டு கையும் சும்மா இருந்தன. கொஞ்சம் பிடியுங்கள் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை. பஸ் வந்தது, அவர் ஏறிப் போய்விட்டார்.